ஒரே கிண்ணத்திலிருந்து

(ஸ்ரீபெரும்புதூரில் சித்திரை மாத வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சித்திரை மாதத்தில் ஸ்ரீபெரும்புதூரில் மேடையேறுகிறவர் உடையவர் இராமானுசரைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். திருவாதிரை நெருங்குகிறது, ஆதிகேசவப் பெருமாள் கோயில் வீதிகள் உற்சவத்துக்குத் தயாராகின்றன. இந்த நேரத்தில் நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சீக்கியர்களின் வைசாகி. கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் தயங்கித்தான் கேட்டார்: "சார், அது பஞ்சாப்காரங்க பண்டிகை. நம்ம ஊருக்கு அதுல என்ன இருக்குது?"

இருக்கிறது. இராமானுசர் வீட்டில் நடந்த ஒரு விருந்துக்கும் வைசாகிக்கும் உறவு உண்டு என்பது என் கட்சி. அதைச் சொல்லிவிட்டு, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை நீளும் ஆலைகளின் கேன்டீன்களுக்கும் வருகிறேன்.

முதலில் நாள் கணக்கு. சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதை வைத்து நாம் சித்திரை முதல் தேதியைக் குறிக்கிறோம். பஞ்சாபிலும் அதே கணக்குதான். ஏப்ரல் 13 அல்லது 14. நாம் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்த்துப் பச்சடி வைக்கும் அதே காலையில் அவர்கள் குருத்வாராவில் கூடுகிறார்கள். கேரளத்தின் விஷுவும் அசாமின் பிஹுவும் வங்காளிகளின் புத்தாண்டும் இதை ஒட்டியே வருகின்றன. 2003-இல் வந்த நானக்ஷாஹி நாள்காட்டி வைசாகியை ஏப்ரல் 14 என்று நிலைநிறுத்தியது. புத்தகங்களில் 1699-ஆம் ஆண்டு வைசாகி மார்ச் 30 அன்று வந்தது என்று படித்துவிட்டுச் சிலர் குழம்புவார்கள். அன்று ஐரோப்பியர் பலர் பயன்படுத்திய பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி போட்ட தேதி அது. இன்றைய நாள்காட்டிக்கு மாற்றினால் பத்து நாள் கூடும். அதன் மேல், நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் வருடப் பிறப்பு ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பின்னால் நகர்கிறது. இரண்டையும் கூட்டினால் இன்றைய ஏப்ரல் 13, 14-க்கு வந்து சேர்ந்துவிடுவோம். ஆகவே நான் இப்போது சொல்லப்போகும் சம்பவம் நடந்த அன்று, ஒரு நாள் முன்பின் இருந்தாலும், இந்த ஊரிலும் சித்திரைப் பிறப்புதான்.

நம் பள்ளிப் பாடங்களில் வைசாகி என்றால் பஞ்சாபின் அறுவடைத் திருநாள் என்று ஒரு வரி இருக்கும். பக்கத்தில் பாங்ரா ஆடும் படம். கோதுமை முற்றி அறுப்புக்கு நிற்கும் காலம் அது. அறுவடை என்பது பொய்யில்லை. மூன்றாம் குரு அமர்தாஸ் காலத்திலேயே, 16-ஆம் நூற்றாண்டில், வைசாகியன்று கோயிந்தவாலில் வந்து கூடுங்கள் என்று சீக்கியர்களுக்கு அழைப்பு போயிருக்கிறது. ஆனால் ஒரு சீக்கியரிடம் கேட்டுப் பாருங்கள். கோதுமையைப் பற்றிச் சொல்வதற்கு முன் அவர் 1699-ஐச் சொல்வார்.

அந்த வைசாகிக்குப் பத்தாம் குரு கோபிந்த் ராய், இமயமலை அடிவாரத்து ஆனந்தபூரில் பெருங்கூட்டத்தை வரவழைத்திருந்தார். அவருக்கு அப்போது வயது 33 கூட ஆகவில்லை. ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். ஒன்பதாம் குரு தேக்பகதூர் 1675-இல் டில்லியில், இன்றைய சாந்தனி சௌக்கில், ஔரங்கசீபின் ஆணையால் தலை வெட்டப்பட்டார். அந்தப் பிள்ளை வளர்ந்து, நாடெங்கும் இருந்து வந்த கூட்டத்தின் முன் உருவிய வாளோடு நின்று கேட்டார்: எனக்கு ஒரு தலை வேண்டும், தருகிறவர் யார்?

கூட்டம் திகைத்தது. மூன்றாம் முறை கேட்டபின் லாகூரைச் சேர்ந்த தயா ராம் எழுந்தார். குரு அவரைக் கூடாரத்துக்குள் அழைத்துப்போனார். வெளியே வந்தபோது வாளில் இரத்தம். இன்னொரு தலை வேண்டும் என்றார். அஸ்தினாபுரத்து தரம் தாஸ் வந்தார். அதன்பின் பூரி ஜகந்நாதத்திலிருந்து வந்த ஹிம்மத் ராய், துவாரகையின் மோக்கம் சந்த், கடைசியாக பீதரைச் சேர்ந்த சாஹிப் சந்த். ஐவரும் உள்ளே போனார்கள். சற்று நேரத்தில் ஐவரும் புத்தாடை உடுத்தி உயிரோடு வெளியே வந்தார்கள். இதெல்லாம் பிற்கால நூல்கள் வழியே நமக்கு வருவது. கூடாரத்துக்குள் என்ன நடந்தது என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நான் அந்தக் கூடாரத்துக்குள் போக விரும்பவில்லை. எனக்கு முக்கியம் அந்த ஐவர் யார் என்பதும், வெளியே வந்தபின் நடந்ததும்.

தயா ராம் கத்ரி, வணிகக் குலம். தரம் தாஸ் ஜாட், உழவர். ஹிம்மத் ராய் தண்ணீர் சுமக்கும் தொழில் செய்தவர். மோக்கம் சந்த் துணிக்கு அச்சடிக்கும் குலம். சாஹிப் சந்த் நாவிதர். ஊர்களையும் பாருங்கள்: லாகூர், அஸ்தினாபுரம், பூரி, துவாரகை, பீதர். கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் தக்காணமும் அதில் வந்துவிட்டன. பீதர் இன்று கர்நாடகத்தில் இருக்கிறது; நம் பக்கத்து மாநிலம்தான்.

ஓர் இரும்புக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார்கள். குருவின் துணைவியார் அதில் சர்க்கரை வில்லைகளைப் போட்டார் என்பது மரபு. குரு இருபுறமும் கூருள்ள வாளால் அதைக் கலக்கிக்கொண்டே மறைமொழிகளை ஓதினார். அந்த நீரை ஐவரும் குடித்தார்கள். ஒரே கிண்ணத்திலிருந்து. கத்ரி குடித்ததிலிருந்து நாவிதர், நாவிதர் குடித்ததிலிருந்து ஜாட். அக்காலத்து வடநாட்டில் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கலாமா கூடாதா என்பதை வைத்தே குலத்தின் மேல்கீழ் அளக்கப்பட்டது. அந்த அளவுகோலை எடுத்து அந்தத் தண்ணீரிலேயே கரைத்துவிட்டார் குரு. ஐவருக்கும் சிங் என்று பெயர் முடிந்தது, பெண்களுக்குக் கௌர். குலப்பெயர் போயிற்று. கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, கச்சை, கிர்பான் என்னும் வாள் ஆகிய ஐந்து அடையாளங்கள் வந்தன. கால்சா என்னும் சீக்கியச் சமூகம் பிறந்தது.

எத்தனையோ ஞானிகள் சீடர்களுக்குத் தீட்சை தந்திருக்கிறார்கள். ஆனந்தபூரில் இதற்கு அடுத்து நடந்ததற்கு ஈடாக ஒன்றை நான் வேறெங்கும் படித்ததில்லை. குரு அந்த ஐவர் முன் மண்டியிட்டார். எனக்கும் அந்த அமிர்தத்தைக் கொடுங்கள் என்று கேட்டார். ஐவரும் தயங்கினார்கள், பிறகு கொடுத்தார்கள். கோபிந்த் ராய் என்றிருந்தவர் அந்த நாவிதர் கையும் தண்ணீர்க்காரர் கையும் பட்ட கிண்ணத்திலிருந்து குடித்துக் கோபிந்த் சிங் ஆனார். தான் உருவாக்கியவர்களிடமே தன்னை உருவாக்கித் தரச் சொன்ன தலைவர் அவர்.

இது ஒரு நாள் சடங்காக நின்றுவிடவும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, சம்கௌர் என்ற சிறு கோட்டையில் முகலாயப் படை சூழ்ந்துகொண்டபோது, இரவில் கோட்டையை விட்டு வெளியேறும்படி குருவுக்கு ஐந்து சீக்கியர்கள் ஆணையிட்டார்கள். வேண்டுகோளாகச் சொல்லிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஐவராகக் கூடி ஆணையாகச் சொன்னார்கள். குரு கீழ்ப்படிந்தார். ஆனந்தபூரில் முதலில் எழுந்த ஐவரில் ஹிம்மத் சிங், மோக்கம் சிங், சாஹிப் சிங் மூவரும் அந்தச் சண்டையில்தான் உயிர்விட்டார்கள். பீதர் நாவிதர் சம்கௌர் மண்ணில் கிடந்தார். குருவின் மூத்த பிள்ளைகள் இருவரும் அங்கேயேதான்.

இப்போது நம்மூருக்கு வருகிறேன்.

திருக்கச்சி நம்பிகள் கதையை இங்கே அறியாதவர் இருக்க மாட்டீர்கள். பூவிருந்தவல்லியில் வைசிய குலத்தில் பிறந்தவர். காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசியவர். இளைஞர் இராமானுசர் அவரைத் தம் ஆசாரியராக ஏற்க விரும்பினார். நம்பிகள் குலத்தைக் காரணம் காட்டி மறுத்தார். விழுந்து வணங்கவும் விடவில்லை. சரி, அவர் உண்ட மிச்சத்தையாவது உண்போம் என்று நினைத்து இராமானுசர் அவரைத் தம் வீட்டுக்கு உணவுக்கு அழைத்தார். சமையல் ஆனதும் அவரை அழைத்துவர வெளியே போனார். நம்பிகள் வேறு வழியாக வந்தார். கைங்கரியத்துக்கு நேரமாகிறது என்று சொல்லி உண்டுவிட்டுப் போய்விட்டார். இராமானுசர் திரும்பி வந்து பார்க்கிறார். இலை அகற்றப்பட்டிருக்கிறது, தரை சாணமிட்டு மெழுகியிருக்கிறது, தஞ்சமாம்பாள் மீண்டும் குளித்துக் கணவருக்காகப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார். இராமானுசர் நொந்துபோனார்.

அந்த அம்மையாரைக் குற்றம் சொல்லி இந்தக் கதையை முடிப்பது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் செய்தார். அந்தக் கதையில் நான் பார்ப்பது, உலகத்தையே அணைத்துக்கொள்ளும் மனம் படைத்த ஒருவரால் தம் வீட்டு அடுக்களையை மாற்ற முடியாமல் போன துயரம். திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி மந்திரத்தை எல்லாருக்கும் சொன்னவர் அவர். மேல்கோட்டையில் விலக்கப்பட்ட மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்தவர். மந்திரம் பொதுவாயிற்று, இலை பொதுவாகவில்லை. ஒரு மனிதரின் எச்சிலை உண்ண ஆசைப்பட்டு அது கிட்டாமல் நின்ற இராமானுசரையும், ஏறத்தாழ 650 ஆண்டு கழித்து நாவிதர் குடித்த கிண்ணத்தில் வாய் வைத்த கோபிந்த் சிங்கையும் நான் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். முதலாமவரின் ஆசை இரண்டாமவரிடம் நிறைவேறியது என்று எனக்குப் படுகிறது.

வலிந்து சேர்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நடுவே ஒரு பாலம் இருக்கிறது. அதன் பெயர் இராமானந்தர். வட இந்திய மரபு அவரை இராமானுசர் வழியில் வந்தவராகவே சொல்கிறது. காசியில் இருந்தவர். அவர் ஏன் தனிவழி கண்டார் என்பதற்கு மரபு சொல்லும் காரணத்தைக் கேளுங்கள்: நெடும்பயணம் போய்த் திரும்பியபோது, வழியெல்லாம் நீ உணவு ஆசாரத்தைக் காத்திருக்க முடியாது, உன்னோடு ஒரே பந்தியில் அமர மாட்டோம் என்று உடன் பயின்றவர்கள் விலக்கினார்களாம். மறுபடியும் பந்திதான்! அவர் வெளியே வந்து, யார் வந்தாலும் சீடராக ஏற்றார். நெசவாளி கபீர், தோல் தொழிலாளி ரவிதாஸ், நாவிதர் சைன், உழவர் தன்னா என்று ஒரு பட்டியலை மரபு தருகிறது. இவர்களெல்லாம் ஒரே காலத்தவரா, எல்லாரும் அவரிடம் நேரில் பயின்றவர்களா என்று ஆய்வாளர்கள் கேட்பது நியாயம். அதை அவர்களிடம் விடுகிறேன். ஐயத்துக்கு இடமில்லாத ஒன்று உண்டு: நான் சொன்ன அத்தனை பேரின் பாடல்களும் சீக்கியர்களின் குரு கிரந்த சாஹிப்பில் இருக்கின்றன. இராமானந்தருடையது ஒன்று, வசந்த ராகத்தில். சந்தனம் குழைத்துக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டவருக்கு, தேடிப் போன இறைவன் உள்ளத்திலேயே இருப்பதைக் குரு காட்டினார் என்பது அதன் பொருள்.

ஐந்தாம் குரு அர்ஜன் 1604-இல் தொகுத்து அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திரில் வைத்த நூல் அது. 1708-இல் கோதாவரிக் கரை நாந்தேட்டில் உயிர் பிரியுமுன் கோபிந்த் சிங், இனி மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று சொல்லிவிட்டார். 1430 பக்கம் கொண்ட அந்த நூலுக்கு ஒவ்வொரு சீக்கியரும் தலை தாழ்த்துகிறார். அப்படித் தாழ்த்தும்போது ரவிதாசரின் சொல்லுக்கும் சைனின் சொல்லுக்கும் கபீரின் சொல்லுக்கும் தலை தாழ்கிறது. இந்த ஊரில் பிறந்தவரின் வழியில் வந்த ஒருவருடைய சொல்லுக்கும் தாழ்கிறது.

இனி பந்திக்கு வருகிறேன். லங்கர் என்ற பொது அடுக்களை 1699-க்கும் மூத்தது. முதல் குரு நானக்கோடு தொடங்கியது. குரு அமர்தாஸ் அதற்கு ஒரு விதி வைத்தார்: முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடு, பிறகு என்னைப் பார்க்கலாம். அக்பர் கோயிந்தவாலுக்கு வந்தபோது அவரும் தரையில் மற்றவர்களோடு உட்கார்ந்து உண்ட பின்பே குருவைக் கண்டார் என்பார்கள்.

நம்மிடம் அன்னதானத்துக்குக் குறைவில்லை. வடலூரில் வள்ளலார் 1867-இல் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி, சமயம் கேட்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு; அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. லங்கர் அதனோடு இன்னொன்றைக் கேட்கிறது. பசியில்லாதவனும் வந்து உட்கார வேண்டும். மாவு மூட்டை கொடுத்த செல்வரும், அந்த மூட்டையை இறக்கியவரும் ஒரே பாயில், ஒரே பருப்பு. பசியை ஆற்றுவது அதில் பாதிதான். யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்பதைத் தீர்த்துவைப்பது மறுபாதி. அமிர்தசரஸில் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் அப்படி உட்காருகிறார்கள்.

சீக்கியர்களும் வழுவினார்கள். அதை மறைத்துவிட்டு அவர்களைப் புகழ்வது அவர்களுக்கே மரியாதை இல்லை. 1919 வைசாகியன்று அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் சுட்டதை எல்லாரும் அறிவோம்; திருநாளுக்கு வந்த சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அடுத்த ஆண்டு அதே திடலில் நடந்ததைக் குறைவான பேரே அறிவார்கள். 1920 அக்டோபர் 12 அன்று, தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் அங்கே அமிர்தம் பெற்றார்கள். பெற்றவர்களை ஹர்மந்திருக்கு ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அங்கிருந்த பூசாரிகள் அவர்கள் கொண்டுபோன கடாஹ் பிரசாதத்தை ஏற்க மறுத்தார்கள். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் சேர்த்துக் கிண்டிய பிரசாதம். ஒரே கிண்ணத்தில் குடித்துப் பிறந்த சமயத்தின் தலைமைக் கோயிலிலேயே இந்த நிலைமை. வாக்குவாதம் முற்றியது. கிரந்தத்தைத் திறந்து அன்றைய வாக்கைப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டார்கள். திறந்த பக்கத்தில் வந்த பாடல் எளியவர்க்கு இரங்கும் இறையருளைப் பேசியது. பிரசாதம் ஏற்கப்பட்டது. அந்த நாளின் கிளர்ச்சியிலிருந்தே அடுத்த மாதம் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி உருவானது. குருத்வாராக்களை மீட்கும் அகாலி இயக்கம் வேகம் பிடித்தது.

அந்த அகாலிகள் நான்கே ஆண்டில் தென்னாட்டுக்கு வந்தார்கள். வைக்கம்! 1924 மார்ச் 30 அன்று, கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கேரளத் தலைவர்கள் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியார் போனதை நம் வீட்டுப் பிள்ளைகளும் சொல்லும். அதே வைக்கத்தில் பஞ்சாபிலிருந்து வந்த அகாலிகள் அடுப்பு மூட்டி லங்கர் நடத்தினார்கள். அமிர்தசரஸில் அப்போது அகாலிகளோடு தொடர்பில் இருந்த கே.எம். பணிக்கர் அதற்குத் துணைநின்றார். ரொட்டி சுட்டு, சாதி பார்க்காமல் தொண்டர்கள் எல்லாருக்கும் பரிமாறினார்கள். காந்தியடிகளுக்கு அது பிடிக்கவில்லை. தீண்டாமை இந்துக்கள் தாங்களே கழுவ வேண்டிய கறை, பிற சமயத்தாரின் உதவி வேண்டாம், இலவசச் சாப்பாடு கேரள மக்களின் தன்மானத்துக்கு ஒவ்வாது என்று எழுதினார். லங்கர் மூடப்பட்டது.

காந்தியடிகள் மீது எனக்குள்ள மதிப்பு பெரியது. இந்த இடத்தில் மட்டும் அவர் லங்கரைத் தருமச் சோறாகப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். தெருவில் நடக்க விடாத ஊரில் எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து உணவிடுவது தானம் ஆகாது. அது அந்தப் போராட்டத்தின் நடுப்புள்ளி. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதைப் பற்றிய கொந்தளிப்பு 1924, 25-இல்தான் காங்கிரசை உலுக்கியது. தேசபக்தியில் குறை சொல்ல முடியாத மனிதர் ஐயர். அவருடைய குருகுலத்திலும் இலை பிரிந்தது. காஞ்சியில் இராமானுசர் வீட்டில் மெழுகிய தரை சேரன்மாதேவி வரை நீண்டுகிடந்தது.

பெயரிலும் இதே கதைதான். ஆனந்தபூரில் குலப்பெயரை விட்டுச் சிங் ஆனார்கள். இங்கே 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கும்படி தீர்மானம் போட்டது. எங்கே? செங்கல்பட்டில். ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வழியாகப் போனால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் ஆலைகளில் தொழிலாளியின் அடையாள அட்டையில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லாமல் அப்பாவின் முதலெழுத்து மட்டும் இருப்பதற்கு அந்த மாநாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

பெயரிலிருந்து போனது ஊரிலிருந்து போய்விடவில்லை. இங்கேயும் சரி, பஞ்சாபிலும் சரி. அங்கே பல கிராமங்களில் சாதிக்கொரு குருத்வாராவும் தனிச் சுடுகாடும் இன்றும் உண்டு. அதனால் வைசாகி தோற்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 1920-இல் நியாயம் கேட்டவர்கள் 1699-ஐக் காட்டித்தான் கேட்டார்கள். அந்தக் கிண்ணம் இல்லாமல் இருந்திருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்?

இனி நம் ஆலைகள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான். இவற்றோடு லாரி, புல்லட், டயர், கைபேசி, கண்ணாடி என்று வல்லம் வடகால் வரை சிப்காட் விரிந்துவிட்டது. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகளும், தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகளும் ஷிப்ட் பஸ்ஸில் ஒன்றாக இறங்குகிறார்கள். கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் டிரெய்லர் ஓட்டுநர்களில் தலைப்பாகை கட்டியவர்களையும் நெடுஞ்சாலை தாபாக்களில் பார்த்திருப்பீர்கள். லாகூர், பூரி, துவாரகை, பீதர் என்று ஆனந்தபூருக்கு ஆள் வந்து சேர்ந்தது போன்ற ஒரு கூட்டம் இங்கே நாள்தோறும் சேருகிறது.

கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் வந்தபோது நம்மவர்களுக்குப் புதிதாக இருந்த ஒன்று, அதிகாரியும் அதே சீருடையில் அதே கேன்டீனில் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பது. அது நல்ல வழக்கம், அதைப் பாராட்டுகிறேன். ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நிறம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேறு நிறம் என்று சட்டை பிரியும் இடங்களும் உண்டு. வடநாட்டுப் பிள்ளைகள் ஒரு மேசை, நம் பிள்ளைகள் ஒரு மேசை என்று யாரும் சொல்லாமலே பிரிவதும் உண்டு. வேலை முடிந்து அறைக்குப் போனால் வாடகைக்கு வீடு தருகிறவர் சொந்த ஊரையும் சாதியையும் விசாரிக்கிறார். ஒரே கன்வேயரில் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்றவர்கள் பந்தியில் பக்கத்தில் உட்காராமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

உணவு இங்கே சின்ன விஷயம் இல்லை என்பதை 2021 டிசம்பர் காட்டியது. ஒரு மின்னணு ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்று, நூற்றுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள். தங்களுக்கு என்ன சமைக்கப்படுகிறது, எப்படிப் பரிமாறப்படுகிறது என்று கேட்கத் தங்களுக்கு உரிமை உண்டு என்று சொன்னார்கள். லங்கரில் சமைக்கிறவர், பரிமாறுகிறவர், உண்கிறவர், பாத்திரம் துலக்குகிறவர் நால்வரும் முறை மாறி மாறி வருவார்கள். சமைக்கிறவரும் அதே பருப்பைத்தான் சாப்பிடுகிறார். அந்த விடுதியில் அப்படி இருந்திருந்தால் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே இங்கே அமர்ந்திருக்கும் ஆலை நிர்வாகத்தாரிடமும் சங்கத் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். சித்திரை முதல் நாள் உங்களில் பலருக்கு விடுமுறை. வைசாகிக்கென்று தனி விடுமுறை தேவையில்லை. வரும் ஆண்டில் அந்நாளுக்கு அடுத்த வேலைநாளில் ஒரு வேளை உணவை மட்டும், நிரந்தரம், ஒப்பந்தம், பயிற்சியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் எல்லாரும் இடம் கலந்து உட்கார்ந்து சாப்பிடும்படி செய்யுங்கள். மேலாளர்கள் பரிமாறட்டும். செலவு ஒன்றும் அதிகமாகாது.

திருநாளை நேரில் காண விரும்புகிறவர்கள் தியாகராய நகர் ஜி.என். செட்டி சாலையில் உள்ள குரு நானக் சத்சங் சபா குருத்வாராவுக்குப் போகலாம். பிரிவினைக்குப் பின் சென்னைக்கு வந்து மோட்டார் உதிரிபாகக் கடைகள் வைத்த பஞ்சாபிக் குடும்பங்களும், படைப்பிரிவுகளில் பணியாற்ற வந்தவர்களும் வளர்த்த இடம் அது. குரு நானக்கின் 500-ஆம் பிறந்த ஆண்டை நினைத்து 1971-இல் வேளச்சேரியில் கல்லூரி தொடங்கியதும் இந்தச் சமூகம்தான். 2015 பெருவெள்ளத்தில் குருத்வாராவின் அடுக்களையிலிருந்து உணவு ஊருக்குள் போனது. வைசாகியை ஒட்டி கிரந்தத்தை 48 மணி நேரம் இடைவிடாமல் வாசிப்பார்கள். கொடிமரத்தின் பழைய துணியைக் கழற்றிப் புதுத்துணி சுற்றுவார்கள். கீர்த்தனை, அர்தாஸ் வேண்டுதல், பிறகு லங்கர்.

நாம் போகலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகலாம், யார் என்று கேட்க மாட்டார்கள். செருப்பை வெளியே விட்டு, கைகால் கழுவி, தலையில் ஒரு கைக்குட்டையாவது கட்டிக்கொள்ளுங்கள். சிகரெட், பீடி, புகையிலை எதுவும் பையில்கூட வேண்டாம். பிரசாதத்தையும் ரொட்டியையும் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தி வாங்குங்கள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தால் தள்ளி உட்கார வேண்டாம். வரிசை விட்டுப்போகாமல் உட்காருவதுதான் முறை. தட்டில் மீதி வைக்காதீர்கள். இந்த ஆண்டு வைசாகி முடிந்துவிட்டது; ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அங்கே பந்தி உண்டு. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் துலக்கும் பக்கம் போய், நானும் கை கொடுக்கலாமா என்று கேளுங்கள்.